தங்கச்சி கல்யாணம் முடியட்டும்

எங்களுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை. முன்னால் நாலு கண்ணாடி ஜாடி, பின்னால் அடுப்பு, மாடியில் வீடு, அவ்வளவுதான். எனக்கு 33 வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. நான் ஆண், 2016இலிருந்து ஒருத்தனோடு காதலில் இருக்கிறேன். பெயர் வேண்டாம், அவன் என்றே எழுதுகிறேன். ஹாக்கி ஆடி ரயில்வேயில் வேலை வாங்கியவன், சென்னையில் இருக்கிறான். இந்த ஒன்பது வருடத்தில் நான் செய்த முட்டாள்தனங்களை எழுதி வைத்தால், என்னைப் போலவே கடையும் கடனுமாக வீட்டோடு கட்டுண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் ஒருத்தனை நினைத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது இரண்டு வருடமாவது மிச்சமாகும்.

எங்கள் ஊரில் ஹாக்கி என்பது மற்ற ஊர்களில் கிரிக்கெட் மாதிரி. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். கூட ஆடிய அரியலூர் கார்த்தி செல்வமும் இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்தான். நான் அந்த உயரத்துக்கெல்லாம் போகவில்லை. பள்ளி டீமில் கோல்கீப்பர். அவன் ரைட் ஹாஃப். கோல்கீப்பர் பேடைக் கட்டிக்கொண்டால் குனிய முடியாது, காலுக்குப் பின்னால் இருக்கும் வாரை யாராவது இழுத்து மாட்ட வேண்டும். அவன் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து மாட்டுவான், மாட்டிவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவான். மூன்று வருடம் மேட்சுக்கு மேட்ச் இது நடந்தது. வேறு யாராவது மாட்ட வந்தால் எனக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்கவில்லை என்று நான் யோசித்ததே இல்லை, பதினேழு வயதில் யார் யோசிக்கிறார்கள்.

பி.காம் முடித்த கையோடு பட்டியாலாவில் ஹாக்கி கோச் ஆவதற்கான ஒரு வருட டிப்ளமோ படிக்க வேண்டும் என்று கிளம்பி நின்றவன் நான். 2013இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் பைபாஸ் ஆனது. "ஒரு வருஷம் கடையைப் பாத்துக்கய்யா" என்றாள் அம்மா. ஒரு வருடம் என்று சொல்லிக் கேட்கிற எதையும் நம்பாதீர்கள். கேட்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களும் அதை நம்பித்தான் கேட்கிறார்கள், அதுதான் சிக்கலே.

2016 மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டிக்கு ஊரே மைதானத்தில் கிடந்தது. அவன் வெளியூர் டீமோடு ஆட வந்திருந்தான். ஒருநாள் ராத்திரி, கூட ஆடும் பையன்களுக்கு மிட்டாய் வாங்கக் கடைக்கு வந்தான். நான் உள்ளே பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெல்லப் பாகு சுட்டால் சுடுதண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். அவன் குரலைக் கேட்டுத் திரும்பிய வேகத்தில் கரண்டி இடறி மணிக்கட்டில் ஒரு கரண்டி. நான் வழக்கம்போல எண்ணெய் தடவப் போனேன். "எண்ணெயெல்லாம் வைக்கக்கூடாதுல, இருவது நிமிஷம் தண்ணி ஊத்தணும்" என்று கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனான். கோவில்பட்டியில் மே மாதத்தில் இருபது நிமிடம் தண்ணீர்! குழாயில் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. குடத்திலிருந்து செம்பு செம்பாக மெதுவாக ஊற்றினான், ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு. இரண்டு குடம் காலி. அந்த இருபது நிமிடத்தில் நாங்கள் பேசியது எல்லாம் பெனால்டி கார்னரைப் பற்றித்தான். ஆனால் அவன் கிளம்பும்போது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மறுநாள் காலையில் அம்மா, "ரெண்டு குடம் தண்ணி எங்கல போச்சு?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

(பாகு சுட்டால் இன்றைக்கும் எங்கள் கடையில் தண்ணீர்தான். இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.)

அதன்பிறகு இரண்டு வருடம் போனிலும் ராத்திரி ரயிலிலும் ஓடியது. அவன் எழும்பூரில் ஏறினால் விடியுமுன் கோவில்பட்டியில் இறங்குவான். நான் பைக்கோடு நிற்பேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீ, அப்புறம் அவனை பஸ்ஸில் ஏற்றி அவன் ஊருக்கு அனுப்புவேன். ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவிலான அந்த நேரம்தான் எங்களுக்கு. ரயில்வேக்காரர்களின் பாஸில் மனைவி வரலாம், பிள்ளைகள் வரலாம், நான் வர முடியாது. சென்னைக்குப் போக வேண்டுமென்றால் தட்கலுக்கு உட்கார்ந்து அடிக்க வேண்டியது நான்தான்.

2018 செப்டம்பர் 6, உச்ச நீதிமன்றம் 377வது பிரிவைத் தளர்த்திய நாள், கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வயது வந்த ஆண்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதையே சொல்லி, 2013இல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்து, மறுபடி சொல்லியிருக்கிறது. அப்பா கல்லாவில் இருந்தபடி, "இதுக்கெல்லாம் ஒரு கோர்ட்டு" என்றார். நான் ஒரு பாட்டிக்குக் கால் கிலோ நிறுத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியதில் எவ்வளவு போட்டேன் என்றே தெரியவில்லை. பாட்டி, "அண்ணாச்சி மவன் தாராளமா நிறுக்கான்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடையைக் கட்டினாள்.

அன்று ராத்திரி அவன் போனில் கேட்டான், "இப்பவாவது வீட்ல சொல்லுவமா?" நான் சொன்ன பதிலை ஒரு போர்டில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம்: "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்."

தங்கச்சி கல்யாணம் 2019இல் முடிந்தது. அப்புறம் அப்பாவுக்கு ஒரு செக்கப் முடியட்டும் என்றேன். அப்புறம் கொரோனா முடியட்டும். அப்புறம் தங்கச்சிக்குப் பிரசவம். "நீ முடியட்டும் முடியட்டும்னு சொல்லியே நாம ரெண்டு பேரும் முடிஞ்சிருவோம்ல" என்று ஒருநாள் சொன்னான், சிரித்துக்கொண்டேதான். நான் குடும்பப் பொறுப்புள்ள பையன் என்று எனக்கு ஒரு நினைப்பு. இப்போது யோசித்தால் பாதி பொறுப்பு, பாதி பயம். பொறுப்பு என்று பெயர் வைத்துவிட்டால் பயம் யார் கண்ணுக்கும் தெரியாது, நமக்கே தெரியாது.

அந்தப் பயம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்றால், 2021 ஐப்பசியில் ஒரு வீட்டில் பெண் பார்க்க நிறுத்தியது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்ததிலேயே மோசமானது இதுதான். அம்மா அழுதாள், சித்தப்பா சத்தம் போட்டார், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வீட்டில் புதுப் பெயிண்ட் வாசனை. எங்களுக்காகத்தான் அடித்திருக்கிறார்கள். கேசரி, பஜ்ஜி, ஒரு பெரிய தட்டில் எங்கள் கடை மிட்டாயே இருந்தது. அந்தப் பிள்ளை பி.எட் முடித்தவள். தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். அவள் நேராகக் கேட்டாள், "உங்களுக்கு இதுல இஷ்டம்தானா? முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலயே." அதைவிட நல்ல வாசல் எனக்கு யாரும் திறந்து வைத்ததில்லை. நான், "இஷ்டம்தான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கீழே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அவனுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், "எத்தனை பவுன் போடுறாங்களாம்?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் குரல் பாதியில் உடைந்துவிட்டது. பதினோரு நாள் போன் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது நாள் நான் தங்கச்சி வீட்டுக்குப் போனேன், அவள் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள், தொட்டிலை ஆட்டியபடியே கேட்டுக்கொண்டாள். முதலில் அவள் சொன்னது: "அந்த அண்ணனா? எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். நீ அவரு வர்ற அன்னிக்கு மட்டும் சட்டையை அயர்ன் பண்ணுவ." இரண்டாவதாகச் சொன்னது: "அந்தப் பிள்ளைய மொதல்ல விடு. பாவம்." ஜாதகம் சரியில்லை என்று அவளே பேசி நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்கு அதற்குள் மூன்று மாதம் போயிருந்தது, ஊரில் நாலு பேர் கேட்டிருப்பார்கள், புதுப் பெயிண்டுக்குக் கடன் வாங்கியிருப்பார்களோ என்னவோ. தயவுசெய்து பெண் பார்க்கப் போகாதீர்கள். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லையென்றால் சொல்லாதீர்கள், அது உங்கள் பாடு. வேலை, கடன், சாமியாராகப் போகிறேன், எதையாவது சொல்லித் தள்ளுங்கள். இன்னொருத்தியின் வாழ்க்கையைக் கேடயமாகப் பிடிக்க மட்டும் நமக்கு உரிமை இல்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு ரகசியமாக இருக்கிற இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் இரண்டு பேர் வாழ்க்கை வீணாகிறது, வெளியே காத்திருப்பவனுடையதும் சேர்த்தால் மூன்று.

தங்கச்சி அன்று இன்னொரு கேள்வியும் கேட்டாள். "என் கல்யாணக் கடனுக்காகத்தான் இன்னும் நிக்கியா? எவ்வளவுன்னு சொல்லு." எனக்குத் தெரியவில்லை. ஆறு லட்சம், ஏழு லட்சம் இருக்கும் என்றேன். கடைக்காரன் மகனுக்குக் கடன் எவ்வளவு என்று தெரியவில்லை! அன்று ராத்திரி ஒரு பற்று நோட்டை எடுத்து எழுதினேன். சீட்டு பாக்கி 2,00,000. நகைக்கடன் 1,90,000. மாமாவிடம் வாங்கியது 1,50,000. கடலை மண்டியில் நிற்பது 1,00,000. மொத்தம் 6,40,000. மாதம் 18,000 வீதம் கட்டினால் வட்டியோடு 44 மாதம், 2025 ஆகஸ்ட். அதுவரை என் கடமை கரிசல் காடு மாதிரி எல்லையில்லாமல் கிடந்தது. தேதி போட்டதும் அதற்கு ஒரு வரப்பு வந்துவிட்டது. நோட்டைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். பதினோரு நாள் பேசாதவன் உடனே பதில் போட்டான்: "சரி. 44. எண்ணிக்கிட்டே இருப்பேன்." ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஒரு எண்ணை மட்டும் அனுப்புவான். 43. 42. 41. காதல் கடிதம் என்றால் எனக்கு அதுதான்.

கடமையை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் ரூபாயாகவும் தேதியாகவும் எழுத முடியாத கடமை என்று ஒன்று இருந்தால், அதை ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள்.

வீட்டில் சொன்ன கதைக்கு வருகிறேன். இணையத்தில் பலர் சொல்வதுபோல, எல்லாரையும் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடு என்பது தனி வாடகை வீட்டில் சொந்தச் சம்பளத்தில் இருக்கிறவனுக்குச் சரிப்படும். அப்பாவும் நானும் ஒரே கல்லாப்பெட்டியில் கை விடுகிறவர்கள். நான் முதலில் செய்தது, என் பெயரில் ஒரு தனிக் கணக்கு, அதில் ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம். வீட்டைவிட்டு விரட்டிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விரட்டினாலும் சாப்பாடு உண்டு என்ற நினைப்பு குரலில் தெரியும், கெஞ்சாமல் பேச முடியும். ஆதார், சான்றிதழ்கள் எல்லாம் தங்கச்சி வீட்டில். கேட்க அசிங்கமாக இருக்கலாம், செய்யுங்கள்.

அம்மாவிடம் சொன்னது 2022 பங்குனியில், மத்தியானம், வறுத்த கடலைக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்தபோது. முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. கை வேலையில் இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு நின்றாலும் வேலை நிற்காது. தன்பாலீர்ப்பு என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது, அந்த வருடமே தமிழ்நாடு அரசு கெசட்டில் இதற்கெல்லாம் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. ஆனால் அம்மாவிடம் பேச அந்தச் சொல் உதவாது. "எனக்குப் பொம்பளப் பிள்ளைங்க மேல அந்த நெனப்பு வராதும்மா. சின்னதுலருந்தே வராது. அவன் மேலதான் வருது." இவ்வளவுதான் சொன்னேன். அம்மா முறத்தைப் புடைப்பதை நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அவன் ரயில்வேல பெர்மனெண்ட்டா?" என்று கேட்டாள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆமாம் என்றேன். அன்று ராத்திரிதான் அழ ஆரம்பித்தாள்.

அப்புறம் கழுகுமலை, இருக்கன்குடி, வேண்டுதல், விரதம். அதற்கெல்லாம் கூடவே போனேன், சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. அப்புறம் ஒரு டாக்டர். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். "ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டால் பகலெல்லாம் தூக்கம், இரண்டு தடவை பாகு அடிபிடித்துக் கரிந்தது. மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டேன். இது நோயே இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே சொல்லிவிட்டது. இப்படி மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வதே மருத்துவர்களுக்கு ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் அந்த மாத்திரையை வாங்கியே இருக்க மாட்டேன். இரண்டாவது ஒரு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். முன்கூட்டியே போனில், "மாத்துவீங்களா?" என்று கேட்டேன், "மாத்த என்ன இருக்கு?" என்றார், அதன்பிறகுதான் அம்மாவோடு போனேன். நீங்களும் இப்படி முதலில் கேட்டுவிட்டு அழைத்துப்போங்கள், கூட்டிப்போகிற முதல் டாக்டரே அம்மாவின் மனதில் நிற்பார்.

அம்மாவைக் கொஞ்சம் அசைத்தது அந்த டாக்டர் சொன்ன ஒரு விஷயம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதைப் பற்றிப் போதுமான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் உத்தரவு போட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா இதையே நாலு தடவை கேட்டாள். "ஜட்ஜே தெரியலன்னு சொன்னாராய்யா? எல்லாருக்கும் முன்னாலயா?" சாத்தூர் தாண்டியதும், "அப்ப எனக்குத் தெரியாம இருந்தது ஒண்ணும் பெரிய தப்பில்ல" என்றாள்.

அப்பாவிடம் அம்மாதான் சொன்னாள், 2023இல். மூன்று மாதம் அவர் என்னிடம் பேசியது எல்லாம் தேனி வெல்லம் எத்தனை மூட்டை, லாரி வந்ததா, இவ்வளவுதான். அக்டோபர் 17, தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடந்த நேரம். ஒரே பாலினத்தவர் கல்யாணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி ஓடியது. அப்பா திரும்பாமலே, "கோர்ட்டே முடியாதுன்னுட்டு" என்றார். இந்த விஷயத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "கல்யாணத்துக்குத்தான்பா முடியாதுன்னாங்க. சேந்து இருக்கது தப்புன்னு சொல்லல" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் சேனலையும் மாற்றவில்லை.

ஆப் மூலம் ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு அந்த அனுபவம் குறைவு, ஆனால் தெரிந்த ஒரு தம்பி ஒரு ரூமுக்குப் போய், நாலு பேர் சூழ்ந்து வீடியோ எடுத்து, போனிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு விட்டார்கள். முதல் சந்திப்பு டீக்கடையில், பகலில். நம்பிக்கையான ஒருத்தருக்காவது எங்கே போகிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும். "வீட்ல சொல்லிடுவேன்" என்று மிரட்டினால் ஒரு தடவை கொடுத்தாலும் மறுபடி வருவார்கள். மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம், நீங்கள் செய்தது இல்லை. தமிழ்நாட்டில் போலீஸ்காரர்கள் நம்மைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022இல் அவர்களுடைய நடத்தை விதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதற்காக எல்லா ஸ்டேஷனும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஒரு வக்கீலையோ விவரம் தெரிந்த பெரியவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

2024 ஐப்பசி மழையில் அவனுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று அவனே போன் பண்ணினான். தட்கல் கிடைக்காமல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். ரிசப்ஷனில், "பேஷண்டுக்கு நீங்க யாரு?" அண்ணன் என்றேன். ஆதார் கேட்டார்கள், அப்பா பெயர் வேறு. பெரியம்மா மகன் என்று மாற்றினேன். அவனுக்கு நினைவு நன்றாக இருந்ததால், "என் சிகிச்சை பற்றி இவரிடம் பேசலாம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், அதை வைத்துச் சமாளித்தோம். நினைவு இல்லாமல் போயிருந்தால்? மறுநாள் அவனுடைய சொந்த அண்ணன் வந்தார், அவருக்கு எங்கள் விஷயம் தெரியாது. நான் உடனே "ஸ்கூல்ல கூட ஆடின பையன்" ஆகிவிட்டேன். எட்டு வருடம் கூட இருந்தவன் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில். அண்ணன் நல்ல மனிதர், எனக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவன் தேறி வந்ததும் முதல் வேலையாகக் காகிதங்களைச் சரி செய்தோம். காதலில் இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது, இதைவிட முக்கியமானதும் கிடையாது. வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர், "ரத்த உறவு இல்லாம அப்படி வழக்கமில்லையே" என்றார். நம்மைப் போன்றவர்கள் சேர்ந்து கணக்குத் தொடங்கவோ ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவோ தடை எதுவும் இல்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்ட் 28ஆம் தேதி தெளிவுபடுத்தியிருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். உள்ளே போய் மேனேஜரிடம் காட்டிவிட்டு வந்தார், அரை மணி நேரத்தில் முடிந்தது. எய்தர் ஆர் சர்வைவர் என்று போட்டுக்கொள்ளுங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனாலும் மற்றவருக்குத் தடை இல்லை.

நாமினி போட்டால் எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். வக்கீல் சிரித்தார். பொதுவாக நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறவர்தான், யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுச் சட்டமோ உயிலோதான் முடிவு செய்யும். உயில் இல்லாமல் நான் போய்விட்டால் என் பங்கு அம்மாவுக்குப் போகும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவனும் நானும் சேர்ந்து போட்ட பணத்தில் அவன் பங்குக்கே அவன் நிரூபணம் தேடி அலைய வேண்டி வரும். உயில் எழுதப் பெரிய செலவில்லை. ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்தால் பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரையே சாட்சியாகப் போட்டால் பின்னால் சந்தேகமும் சண்டையும் வரலாம், ஆகவே அவனை என் உயிலில் சாட்சியாகப் போடவில்லை. என் உயிலுக்கு ஒரு சாட்சி தங்கச்சி வீட்டுக்காரர். அத்தனையும் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல கடை யாருக்குன்னு தெளிவா இல்லையே மச்சான்" என்று ஒரு வரியைத் திருத்தச் சொன்னார். அதைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் ஒன்றாம் தேதி போனில் ஒரு எண் வந்தது: 1. மாதக் கடைசியில் மண்டிப் பாக்கியைக் கட்டிவிட்டு வந்து நோட்டை அப்பா முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். மாமா கணக்கில் ஒரு மாத வட்டி கூடப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார், அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சண்டை. அப்புறம் கேட்டார், "அந்த ஆறு வாரப் படிப்பு எப்பம்?" பட்டியாலா சான்றிதழ்ப் படிப்பைப் பற்றி நான் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஏழெட்டுப் பையன்களுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. ஒரு வருட டிப்ளமோ இனி என்னால் முடியாது, கடையை அவ்வளவு நாள் விட முடியாது, அந்த வண்டி போய்விட்டது. ஆறு வாரம் முடியும்.

சென்னைக்கே போய்விடு என்று சிலர் சொல்வார்கள். போக மாட்டேன். எனக்கு இந்தக் கடலை வாசனையும் பிடிக்கும், அதையும் எழுதிவிட வேண்டும். அவன் இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இந்தத் தீபாவளிக்கு அவன் ஒரு வாரம் லீவு போட்டு ஒத்தாசைக்கு வந்தான். அப்பா அதுவரை அவனிடம் "வாங்க", "சாப்பிட்டீங்களா" தாண்டிப் பேசியதில்லை. அந்த "ங்க" எனக்கு முள் மாதிரி குத்தும். ஆர்டர் நெருக்கத்தில் அடுப்பில் அவனை நிறுத்திவிட்டு நான் பார்சல் கட்டப் போயிருந்தேன். பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்து வட்டா ஓரத்தில் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், அதுதான் பதம். அவன் கேட்டது போலவும் இருக்கிறது கேட்காதது போலவும் இருக்கிறது என்று நின்றிருக்கிறான், கடலையைக் கொட்டிவிட்டான். உள்ளே அப்பா குரல்: "ஏல, அது என்ன ஹாக்கி மட்டையா? கிண்டுல! பாகு எளசா இருக்கு பாரு, கூறுகெட்டவனே, யாருகிட்டயாவது கேக்க வேண்டாமா?"

நான் எட்டிப் பார்த்தேன். அவன் கையில் துடுப்போடு, முகமெல்லாம் வியர்வை, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அப்பா அவன் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாலு கிலோ மிட்டாய் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு விற்க முடியாமல் போனது. மறுநாள் காலையில் மைதானத்துக்கு எடுத்துப்போனோம், பையன்கள் பல்லில் ஒட்ட ஒட்டத் தின்று தீர்த்தார்கள்.